பத்து மாத லப்ரடோருக்கு இடுப்பு மூட்டுத் தளர்வு: இனி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை உப்புவெளியில் வீடு. பத்து மாத ஆண் லப்ரடோர், 36 கிலோ. இரண்டு மாதமாகப் படுத்தால் எழும்பக் கஷ்டப்படுகிறான்; ஓடும்போது பின்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் துள்ளுகிறான். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டுத் தளர்வு, வலப்பக்கத்தில் எலும்பின் ஓரம் கரடு தட்டத் தொடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒருவர் உடனே ஒப்பரேஷன் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணர் ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். கடைக்காரர் கல்சியம் சிரப் தந்திருக்கிறார். கடலில் நீந்த விடலாமா, கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணரின் யோசனையை இப்போதே ஓரத்தில் வைப்போம். பத்து மாதத்தில் இந்தக் குறை தெரியவந்த நாய்களில் பெரும்பாலானவை, ஒழுங்காகப் பார்த்தால், வயது போகும்வரை வீட்டில் நன்றாகவே வாழ்கின்றன. பார்க்கிற வேலையில் பெரும்பங்கு உங்கள் குசினியிலும் விறாந்தையிலும்தான் இருக்கிறது. மருந்தும் கத்தியும் அதற்குப் பிறகுதான். குறிப்பாக அவனுடைய எடை. நீங்கள் பெருமையோடு எழுதிய அந்த 36 கிலோதான் எனக்கு எக்ஸ்ரேயைவிடக் கவலை தருகிறது.

மூட்டுக்குள் நடப்பது இதுதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பு எலும்பின் குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நாய்களும் பிறக்கும்போது சரியான மூட்டோடுதான் பிறக்கின்றன. முதல் சில மாதங்களில் இணைப்புத் தசைநார் தளர்ந்து, தலை குழிக்குள் ஆடத் தொடங்குகிறது. பிணைச்சல் தளர்ந்த கதவு நிலையில் உரசுகிற மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. குழி ஆழமில்லாமல் வளர்கிறது. உடல் அதைச் சமாளிக்க ஓரங்களில் புது எலும்பை வளர்க்கிறது. உங்கள் டொக்டர் சொன்ன கரடு அதுதான், மூட்டுவாதத்தின் தொடக்கம். பரம்பரைதான் அடிப்படைக் காரணம், ஒரு மரபணு அல்ல, பல. ஆனால் எவ்வளவு மோசமாகும் என்பதை வளரும் காலத்துச் சாப்பாடும் எடையும் பெரிய அளவில் தீர்மானிக்கின்றன.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. இந்த வயதில் வருகிற நோவு பெரும்பாலும் மூட்டு ஆடுவதால் வருவது. எலும்பு வளர்ச்சி முடிந்து, மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகும்போது, அதாவது ஒரு வயது தாண்டி ஒன்றரை வயதுக்குள், பல நாய்கள் தாமாகவே ஓரளவு தேறும். அப்புறம் மூட்டுவாதம் முற்றி நடுவயதில் மறுபடி தலைகாட்டும். இடையில் கிடைக்கிற அந்த நல்ல வருடங்களை எவ்வளவு நீட்டலாம் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படம் பயங்கரமாக இருந்தும் துள்ளித் திரிகிற நாய்கள் உண்டு, படத்தில் கொஞ்சமாகத் தெரிந்தும் எழும்ப முடியாத நாய்களும் உண்டு. படத்துக்கு அல்ல, நாய்க்குத்தான் வைத்தியம்.

ஆனால் எல்லாவற்றையும் இடுப்பின் தலையில் போடுவதற்கு முன் ஒரு விஷயம். நம்முடைய பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அதைக் கொண்டுவரும் கிருமிகளான எர்லிக்கியாவும் பபீசியாவும் நாயைச் சோரவைக்கும், எர்லிக்கியா மூட்டுகளை வீங்கவும் வைக்கும். டிஸ்ப்ளேசியா உள்ள நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் வரும். ‘இடுப்பு நோதானே’ என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். சாப்பாட்டில் மனமில்லை, முரசு வெளிறியிருக்கிறது, காய்ச்சல், ஒரு நாள் இந்தக் கால் மறுநாள் அந்தக் கால் என்று நொண்டுகிறான் என்றால் இரத்தம் சோதிக்காமல் விடாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: எர்லிக்கியாவில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டுகள் குறையும். அந்த நேரத்தில் நோவு மருந்து கொடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். முழங்கால் தசைநார் அறுந்தாலும் பின்கால் நொண்டும், அதையும் டொக்டர் கையால் பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரெனப் பின்பக்கம் இழுத்துக்கொண்டால் மட்டும் தொட்டுப் பார்க்கப் போகாதீர்கள். அது விசர் நோயாக இருக்கலாம்.

சரி, எடைக்கு வருவோம். லப்ரடோர்களை வைத்தே செய்த ஒரு நீண்ட ஆய்வு இருக்கிறது, 2002இல் வெளியானது. 48 குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைத்து வாழ்நாள் முழுவதும் கொடுத்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுவாதமும் அவற்றில் குறைவாகவும் பிந்தியும் வந்தது. எந்த மாத்திரையும் இவ்வளவு செய்ததில்லை. ஏற்கெனவே நொண்டுகிற குண்டு நாய்களில், உடல் எடையில் 6 சதவீதம் அளவு குறைந்ததுமே நடையில் வித்தியாசம் தெரிந்ததாக வேறொரு ஆய்வு காட்டியது. உங்களுடையவனுக்கு அது இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். எட்டாத தூரம் இல்லை.

இலக்கத்தைவிடக் கையை நம்புங்கள். உள்ளங்கையை அவனுடைய விலாவில் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். விலா எலும்புகளை எண்ண முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு நாயைக் கண்டால் ‘சாப்பாடு போடுறதில்லையோ’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையத் தேவையில்லை. வளர்கிற நாய், பட்டினி போடக்கூடாது. இறைச்சி, மீன், முட்டையைக் குறைக்காமல் சோற்றையும் கொழுப்பையும் குறையுங்கள். சட்டியில் வெறுமையாகத் தெரிகிற இடத்தை அவித்த பூசணியாலும் பயற்றங்காயாலும் நிரப்பலாம். வெங்காயம் போட்ட கறிக்குழம்பு நாய்க்கு எந்த வயதிலும் ஆகாது. கடையில் வாங்கும் உலர் உணவு என்றால் சுண்டால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பின்னேரத் தேநீரோடு அவனுக்குப் போகிற பாண் துண்டு, பிஸ்கட், அம்மம்மா ஒளித்துக் கொடுக்கும் றோல்ஸ், இவை எல்லாமும் கணக்கில் சேரும். உண்மையில் பல வீடுகளில் சட்டியில் பிழை இருக்காது, அம்மம்மாவின் கையில்தான் இருக்கும். அவரிடம் வெள்ளரிக்காய்த் துண்டுகளைக் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்க அரிசிக் கடைத் தராசு போதும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை.

கல்சியம் சிரப்பை நிறுத்துங்கள். எலும்பில் குறை என்றதும் கல்சியம் என்று மனம் போவது இயல்பு, ஆனால் இது கல்சியம் குறைவால் வந்த நோய் அல்ல. பெரிய இன நாய்க் குட்டிகளுக்கு, முக்கியமாக ஆறு மாதத்துக்குள், குடல் உறிஞ்சும் கல்சியத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. கூடுதலாகக் கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கோணும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று செய்த உணவில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. மறுபக்கம், வெறும் சோறும் இறைச்சியும் மட்டும் போட்டு வளர்க்கிற குட்டிக்குக் கல்சியம் உண்மையிலேயே பற்றாது. அதற்கு அளவு பார்த்துச் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர், கடைக்காரர் அல்ல.

குளுக்கோசமின் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். தீங்கில்லை, பலனுக்கான ஆதாரமும் மெலிவு. காசு மட்டாக இருந்தால் அதை விட்டுவிட்டு மீனுக்குச் செலவழியுங்கள். மீனெண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு மூட்டு அழற்சியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்குக் குளிசை தேட வேண்டியதே இல்லை. சூடை, கீரி, நெத்தலி, இவைதான் மலிவு, கொழுப்பும் இவற்றில்தான். உப்பும் தூளும் போடாமல் அவித்து, இறைச்சியில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொடுங்கள், மேலதிகமாக அல்ல. பச்சையாகக் கொடுக்க வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம். மீன் ஈரல் எண்ணெயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் விற்றமின் ஏ-யும் டி-யும் கூடுதலாக இருப்பதால் நாளாந்தம் பெரிய அளவில் கொடுத்தால் நஞ்சாகும்.

அடுத்தது தசை. தளர்ந்த மூட்டைப் பிடித்து வைத்திருப்பது தொடைத் தசைதான். நோவு என்று கட்டிப்போட்டால் தசை வற்றும், தசை வற்றினால் மூட்டு இன்னும் ஆடும், நோவு கூடும். எனவே ஓய்வு மருந்தல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலாவெளிக்குக் கூட்டிப்போய் இரண்டு மணித்தியாலம் ஓடவிடுவதும் மருந்தல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே அளவு, சின்னச் சின்னதாக. காலையில் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம், வாரைப் பிடித்து மெதுநடை. வேகமாகப் போனால் அவன் பின்கால்களைச் சேர்த்துத் துள்ளி ஏமாற்றிவிடுவான். மெதுவாகப் போனால்தான் நான்கு காலையும் தனித்தனியே ஊன்றுவான். மறுநாள் காலையில் விறைப்புக் கூடியிருந்தால் முந்தைய நாள் தூரம் அதிகம் என்று அர்த்தம், ஐந்து நிமிடம் குறையுங்கள். வீட்டில் இரு, எழும்பு என்று உண்ணச் சிறிது காட்டிப் பத்துத் தடவை செய்யவைத்தால் அதுவே நல்ல தொடைப் பயிற்சி. இருக்கும்போது பின்கால் பக்கவாட்டில் சரியாமல் நேராக மடங்க வேண்டும். சுவரோரமாக இருத்தினால் மடங்கும்.

கடற்கரையில் எங்கே நடக்கிறீர்கள் என்பது முக்கியம். மேலே காய்ந்து புதைகிற மணல் இடுப்பை முறிக்கும். அலை வந்து வடிகிற ஈர மணலில், காலடி ஒரு விரலுக்கு மேல் புதையாத இடத்தில் நடவுங்கள். அதைவிட நல்லது தண்ணீருக்குள் நடப்பது. தண்ணீர் இடுப்பு மூட்டின் உயரத்துக்கு வந்தால் கால்கள் சுமப்பது உடல் எடையில் 38 சதவீதம்தான் என்று அளந்திருக்கிறார்கள். முழங்கால் வரை மட்டும் என்றால் 85 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. ஆகவே நீங்களும் இறங்கி, அவனுடைய முதுகு மட்டும் தெரிகிற ஆழத்தில் கரைக்கு இணையாக நடத்துங்கள். நீந்துவதும் நல்லதுதான், ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். பந்தெறிந்து அலைக்குள் பாயவைக்கிற விளையாட்டு வேண்டாம். சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளிக் கடலும் டச்சு பே பக்கமும் இதற்குத் தோதாக இருக்கும். கார்த்திகை, மார்கழி, தையில் வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கும்போது இறக்கவே வேண்டாம், வீதியில் நடை போதும். குளங்களில் இறக்காதீர்கள், முதலையும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு.

லப்ரடோர் என்பதால் இன்னொன்று. கரைவலை இழுத்த இடத்தில் கழித்துப் போட்ட மீன் கிடக்கும், அதில் நஞ்சுள்ள பேத்தை மீனும் இருக்கும். ஒரு வாய் போனாலே உயிர் போகலாம். அந்த நேரத்தில் வாரை விடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கடல் நீரைக் குடித்து வயிற்றாலே போகும். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசித் துவாயால் துடையுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். குண்டு நாய்க்கு வெக்கை, இடுப்பு நோவைவிட ஆபத்து.

நகரத்துப் பக்கம் கூட்டிப்போனால் மான்கள். கோட்டைக்கு உள்ளே மட்டும் அவை நிற்பதில்லை, வீதியிலும் கடற்கரையிலும் திரிகின்றன. மானைக் கண்டு இந்த வயது நாய் போடுகிற ஒரு பாய்ச்சலும் ஒரு திருப்பமும் பத்து நாள் நோவைக் கொண்டுவரும். மானுக்கும் நல்லதில்லை. கழுத்துப் பட்டியைவிட நெஞ்சைச் சுற்றிப் போடும் வார் நல்லது. அவன் இழுத்தாலும் உங்களால் சமாளிக்க முடியும்.

வீட்டுக்குள் எதிரி டைல்ஸ். அவன் எழும்பும்போது தரையோடு குனிந்து பின் பாதங்களைப் பாருங்கள். விரல்கள் விரிந்து, நகம் டைல்ஸில் கீறி, இரண்டு காலும் வெளிப்பக்கமாக வழுகிப் போகும். ஒவ்வொரு வழுக்கலும் அந்தத் தளர்ந்த மூட்டை வெளியே இழுக்கிறது. படுக்கிற இடம், சாப்பிடுகிற இடம், வாசலுக்குப் போகிற வழி, இந்த மூன்றிலும் அடியில் இறப்பர் உள்ள விரிப்பைப் போடுங்கள். பனையோலைப் பாய் பொருந்தாது, பாயோடு சேர்ந்து அவனும் வழுகுவான். நகத்தை வெட்டுங்கள், பாதத்துக்கு அடியில் வளரும் மயிரையும் வெட்டுங்கள். படிக்கட்டுக்கு ஒரு தடுப்பு. வாகனத்தில் அவனைப் பாய்ந்து ஏறவோ இறங்கவோ விடாமல் தூக்கி ஏற்றுங்கள். ஓட்டோ என்றால் ஒருவர் முன்னால், ஒருவர் வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துப் பின்னால். மாரி காலத்தில் சீமெந்துத் தரையில் படுக்கவிடாமல் தடித்த மெத்தை.

மருந்துப் பகுதியில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். நாய் நொண்டினால் அலுமாரியில் உள்ள பனடோலை உடைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். வேண்டாம். அளவு கொஞ்சம் தவறினாலும் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோபன், டைக்ளோபெனாக் இன்னும் மோசம். வயிற்றில் புண், இரத்தப் போக்கு, சிறுநீரகச் சேதம் என்று வரும். நாய்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன: கார்ப்ரோபன், மெலொக்சிகம் போன்றவை. எடைக்கு அளந்து, சாப்பாட்டோடு, டொக்டர் சொன்ன நாட்களுக்கு. நீண்ட நாள் என்றால் ஈரல், சிறுநீரக இரத்தச் சோதனை இடைக்கிடை. வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டில் வெறுப்பு, இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். இவற்றோடு ஸ்டீரொய்ட் ஊசியைச் சேர்க்கவே கூடாது. வேறு ஒருவரிடம் காட்டப்போனால் என்ன மருந்து ஓடுகிறது என்று முதலில் சொல்லுங்கள். நோவு குறைந்த நாட்களில்தான் தசைப் பயிற்சி செய்ய முடியும், அதற்காகத்தான் மருந்து. நோவு குறைந்துவிட்டதே என்று கட்டவிழ்த்து விடுவதற்கல்ல.

வலித் தைலம் பூசுவதும் வேண்டாம். கற்பூரமும் மற்றதும் நக்கி உள்ளே போகும்.

கன்னியாவுக்கு வருகிறேன். ஏழு கிணறுகளும் புனிதத் தலம், நாயை அங்கே கொண்டுபோகிற கதை சரிவராது. போத்தலில் கொண்டுவந்தால் வீட்டுக்கு வரும்போது ஆறிவிடும். உதவுவது சூடு, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினாலும் அது கிடைக்கும். துவாயை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் முன்கையில் வைத்துச் சுடவில்லை என்று பார்த்து, நடைக்கு முன் பத்து நிமிடம் இடுப்பில் வையுங்கள். அப்புறம் தொடையை மெதுவாகப் பிடித்துவிடுங்கள். அதிகமாக ஓடிவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் சூட்டுக்குப் பதில் குளிர்.

இவனிடம் குட்டி எடுக்க வேண்டாம், எவ்வளவு வடிவான நாய் என்று ஆட்கள் கேட்டு வந்தாலும். நலமடிப்பதென்றால் வளர்ச்சி முடிந்து ஒரு வயது தாண்டட்டும். பெரிய இனங்களில் மிக முந்திச் செய்வது மூட்டுக்கு நல்லதல்ல. செய்த பிறகு பசி கூடும், தேவை குறையும், சட்டியை அதற்கேற்பச் சுருக்குங்கள். அடுத்த முறை குட்டி வாங்கினால் பெடிகிரிப் பத்திரத்தை மட்டும் பார்க்காமல் தாய், தகப்பன் இரண்டினதும் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். பத்திரம் குலத்தைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. அமெரிக்காவில் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சான்று தரும் ஓ.எஃப்.ஏ. அமைப்பின் முறையில் இறுதிச் சான்று 24 மாதத்துக்குப் பிறகுதான். பென்ஹிப் என்ற இன்னொரு எக்ஸ்ரே முறையில் 16 கிழமையிலேயே தளர்வை அளக்கலாம். கேட்டதும் விற்பவர் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் குட்டியைப் படிக்கட்டில் ஏறி இறங்க விடாதீர்கள். நோர்வேயில் பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து பார்த்ததில் அப்படி ஏறியவற்றுக்கு ஆபத்து கூடியிருந்தது, மெத்தென்ற தரையில் சுதந்திரமாக ஓடியவற்றுக்குக் குறைந்திருந்தது.

கடைசியாக ஒப்பரேஷன். இடுப்பு எலும்பின் முன்பக்கத்து வளர்ச்சியை நிறுத்திக் குழியைத் திருப்பும் சிறிய சிகிச்சைக்கு ஐந்து மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். இடுப்பு எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் சிகிச்சை மூட்டுவாதம் தொடங்காத இளம் நாய்க்குத்தான். உங்களுடையவனுக்குக் கரடு தட்டிவிட்டது, அந்த வாசலும் மூடிக்கொண்டது. மிஞ்சுவது இரண்டு. ஒன்று முழு மூட்டு மாற்று. பலன் மிக நன்று, ஆனால் அதற்கென்றே கருவிகளும் பயிற்சியும் வேண்டும், செலவும் பெரிது. மற்றது தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடுவது. எலும்பில் எலும்பு உரசுவது நிற்கும், நார்த் திசு வளர்ந்து ஒரு போலி மூட்டு உருவாகும். சிறிய நாய்களில் இது அருமையாகப் பலன் தரும். 36 கிலோ நாயில் பலன் குறைவு, 29 கிலோவில் தசையும் நன்றாக இருந்தால் நிலைமை வேறு. எந்த வழியில் போனாலும் எடையைக் குறைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் இப்போதே ஓடாதீர்கள் என்கிறேன். மூன்று மாதம் மேலே சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் நோவு மருந்தில்லாமல் எழும்ப முடியவில்லை, தொடை வற்றிக்கொண்டே போகிறது என்றால் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் காட்டி, இந்த இரண்டாவது சிகிச்சை பற்றிப் பேசுங்கள்.

போகும்போது பழைய எக்ஸ்ரேயோடு, கைத்தொலைபேசியில் இரண்டு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: ஒன்று காலையில் படுக்கையிலிருந்து எழும்புவது, மற்றது பின்னாலிருந்து பார்க்க மெதுவாக நடப்பது. வைத்தியசாலையில் பதற்றத்தில் நாய்கள் நொண்ட மறந்துவிடும். இடுப்பைச் சரியாகப் படம் எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தம்புள்ளை வழியாகக் கண்டி கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர். நான்கைந்து மணித்தியாலம் ஒரே இடத்தில் கிடந்தால் இறங்கும்போது விறைத்துப் போவான். ஹபரணைச் சந்தியில் நிறுத்திப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். அதற்கு முன்னால் காட்டுப் பகுதியில் யானை இறங்குகிற இடங்கள் உண்டு, அங்கே இறக்க வேண்டாம்.